ஒரு ராத்திரி ஊற விடக் கூடாதா?

போன சித்திரையில் ஒரு காலை, எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ‘பொட்’டென்று ஒரு சத்தம். இரும்பு முறிகிற சத்தம். பெரிதாகக் கேட்காது, ஈர்க்குச்சியை ஒடித்த மாதிரிதான் இருக்கும். ஆனால் அதை ஒரு தடவை கேட்டவருக்கு மறுபடி கேட்டால் வயிறு கலங்கிவிடும். மோட்டார் பம்பின் மூன்றாவது போல்ட்டு தலை வேறு, உடல் வேறாகிவிட்டது. தலை ஸ்பானரோடு கையில் வந்தது. உடல் வார்ப்பிரும்புக்குள்ளேயே நின்றுவிட்டது.

எங்கள் ஊர் மண்டபத்துக்குப் பக்கம். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவில் நாங்கள். கச்சான் அடித்தாலும் உப்பு, வாடை அடித்தாலும் உப்பு. காலையில் துடைத்த ஜன்னல் கம்பியைச் சாயங்காலம் தடவினால் விரல் பிசுபிசுக்கும். காரைக்குடியில் 1948இல் நிறுவப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உலோகம் எப்படி அரிக்கிறது என்று காற்றில் வைத்துப் பார்க்கத் தேர்ந்தெடுத்த இடங்களில் மண்டபமும் ஒன்று. 1914இல் திறந்த பாம்பன் பாலத்தில் நூறு வருஷத்துக்கு மேல் ஓடிய ரயிலை 2022 டிசம்பரில் நிறுத்தினார்கள். 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறந்த புதுப் பாலத்தில் உப்புக்குப் பயந்துதான் ஸ்டெயின்லெஸ் கம்பியும் விசேஷப் பூச்சும் போட்டிருக்கிறார்கள். இப்படிப்பட்ட மண்ணில் ஒரு போல்ட்டு துருப்பிடித்து இறுகியதற்காக நான் வருத்தப்படவில்லை. துரு அதன் வேலையைப் பார்த்தது. மனிதர்கள் தங்கள் வேலையைப் பார்க்கவில்லை என்பதுதான் என் மனத்தாங்கல்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். பம்பு தண்ணீர் எடுக்கவில்லை. உள்ளே இம்பெல்லரைப் பார்க்க வேண்டும். அதற்கு முன்பக்க மூடியைக் கழற்ற வேண்டும். நான்கு போல்ட்டுகள், பதினேழு நம்பர் ஸ்பானர் பிடிக்கிற 10 மில்லிமீட்டர் போல்ட்டுகள். பதினோரு வருஷமாக யாரும் தொடாதவை. தலையெல்லாம் பூரித்து, எது வாஷர் எது போல்ட்டு என்றே தெரியாமல் காவி நிறத்தில் ஒட்டிக் கிடந்தன. மெக்கானிக் தம்பி வந்து நின்றதும் கேட்டேன்.

“தம்பி, இன்னைக்கு எண்ணெய் விட்டு வச்சுட்டு நாளைக்குக் காலையில கழட்டலாமே?”

“அதெல்லாம் ஊற வச்சுக்கிட்டு இருந்தா நாலு வேலை பார்க்க முடியாதுண்ணே. வீட்ல பைப்பு ஏதும் கிடக்கா?”

கொல்லையில் கிடந்த மூன்றடி இரும்புப் பைப்பை எடுத்து நானேதான் கொடுத்தேன். அது இன்றைக்கும் உறுத்துகிறது. ஸ்பானரின் வாலில் அதை மாட்டினார். முதல் போல்ட்டு அலறிக்கொண்டு திரும்பியது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது முறிந்தது. அத்தோடாவது நிறுத்தியிருக்கலாம். ‘இதோ எடுத்துர்றேன்’ என்று கையில் பிடிக்கிற டிரில்லிங் மிஷினை வைத்துத் துளை போட்டார். துளை நடுவில் விழாமல் ஓரமாகப் போனது. முறிந்த துண்டை வெளியே இழுக்கிற எக்ஸ்ட்ராக்டரை அதில் திருகினார். அது உள்ளேயே ஒடிந்தது. எக்ஸ்ட்ராக்டர் கடினமான எஃகு, சாதாரண டிரில் பிட்டு அதன்மேல் ஏறாது. பிறகு உளியும் சுத்தியலும் வந்தன. வார்ப்பிரும்பு வளையாது, விரிசல் விடத்தான் செய்யும். மூடி உட்காருகிற காது ஒன்று கீறிக்கொண்டு வந்துவிட்டது.

பதினைந்து ரூபாய் போல்ட்டு. அதற்காக 2,800 ரூபாய்க்குப் பம்பின் உடலையே மாற்றினோம். சித்திரை வெயிலில் ஒன்பது நாள் குடத்தில் தண்ணீர் சுமந்தோம். என் மனைவிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இத்தனையும் ஒரு ராத்திரியை மிச்சம் பிடிக்கப் போய் வந்தது.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். ஒரு அடி ஸ்பானரை 15 கிலோ பாரத்தில் அழுத்துகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றடிப் பைப்பு மாட்டிய பிறகு அதே 15 கிலோ மூன்று மடங்காகப் போல்ட்டின்மேல் இறங்குகிறது. 10 மில்லிமீட்டர் போல்ட்டு என்கிறோம். மரை வெட்டியது போக நடுத்தண்டு 8 மில்லிமீட்டர் சொச்சம்தான் இருக்கும். அதையும் துரு தின்றிருக்கும். அந்த நோஞ்சான் தண்டு எவ்வளவு தாங்கும்? பைப்பு பலத்தைக் கூட்டிக் கொடுக்கிறது. கூடவே, போல்ட்டு என்ன சொல்கிறது என்று கைக்குத் தெரியாமலும் ஆக்கிவிடுகிறது. முறியப் போகிற போல்ட்டு முதலில் ரப்பர் மாதிரி இழுக்கும். வெறும் ஸ்பானர் பிடித்த கைக்கு அது தெரியும். நிறுத்திவிடலாம். பைப்பு பிடித்த கைக்குத் தெரியாது.

துரு எப்படிப் பிடிக்கிறது என்று தெரிந்தால் ஏன் பொறுக்கச் சொல்கிறேன் என்பது விளங்கும். இரும்பு துருவாக மாறும்போது பருமன் பெருகும். இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை பெருகும். நட்டின் மரைக்கும் போல்ட்டின் மரைக்கும் நடுவே ஒரு தலைமுடி போகிற அளவுக்குத்தான் சந்து. அந்தச் சந்துக்குள் பெருகுகிற துருவுக்குப் போக வேறு இடம் இல்லை. இடித்து நெருக்கி, ஆப்பு அறைந்த மாதிரி உட்கார்ந்துகொள்கிறது. அந்த இடத்தில் வெறும் பலத்தைக் காட்டினால் பலவீனமான பக்கம்தான் உடையும். அது எப்போதும் துருவாக இருப்பதில்லை.

எண்ணெய் வேலை செய்வது அந்தச் சந்தில்தான். அகல் விளக்கில் எண்ணெயை யாரும் திரியின் நுனிக்குத் தூக்கி ஊற்றுவதில்லை. அது தானாக ஏறுகிறது. அதே மாதிரி, நீர்த்த எண்ணெய் மரையின் சந்தில், துருவின் பொடிநடுவே, மெல்லத் தானாக நுழைகிறது. கனமான என்ஜின் ஆயிலை ஊற்றினால் மேலேயே வழுக்கிக்கொண்டு நிற்கும், உள்ளே போகாது. இறுகியதைக் கழற்ற நீர்த்த எண்ணெய், மாட்டும்போது கெட்டியான கிரீஸ். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நீர்த்த எண்ணெயும் ஐந்து நிமிஷத்தில் உள்ளே போய்விடாது. ஒரு மரையைத் தாண்டி அடுத்த மரைக்குப் போக அதற்கு நேரம் வேண்டும். புட்டியில் அடைத்து விற்க முடியாத சரக்கு அந்த நேரம்தான். அதைத்தான் யாரும் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

இட்லிக்கு அரிசி நாலு மணி நேரம் ஊற வேண்டும் என்றால் யாரும் சண்டை போடுவதில்லை. புளியை ஊறப் போடுகிறோம், கொண்டைக்கடலையை முதல் நாள் ராத்திரியே ஊறப் போடுகிறோம். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளில் தலையில் வைத்த எண்ணெய் ஊற அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம். ஊறுவது என்றால் என்னவென்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பிறகு ஏன் ஒரு நட்டின்மேல் மட்டும் இத்தனை அவசரம்?

எந்த எண்ணெய் என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் பக்கத்துப் படகு மெக்கானிக்குகள் காலங்காலமாக மண்ணெண்ணெயும் டீசலும்தான் விட்டார்கள். பொறுமை இருந்தால் அவை இன்றும் வேலை செய்யும். இப்போது எல்லார் கையிலும் நீல மஞ்சள் டப்பாவில் டபிள்யூடி-40 இருக்கிறது. அது 1953இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் உருவானது. ஈரத்தை விரட்டும் திரவத்தைத் தேடி நாற்பதாவது முயற்சியில் கிடைத்தது என்பதுதான் அந்தப் பெயருக்குப் பொருள். அட்லஸ் ராக்கெட்டின் மேல்தோல் துருப்பிடிக்காமல் காப்பதற்காக முதலில் பயன்பட்டது. அதாவது அதன் முதல் வேலை ஈரத்தை விரட்டுவது. லேசாகப் பிடித்த நட்டுக்கு அது போதும். பதினோரு வருஷத் துருவுக்கு அதை இரண்டு தடவை பீய்ச்சிவிட்டு உடனே ஸ்பானர் போடுவது எண்ணெய்க்கும் நியாயமில்லை, போல்ட்டுக்கும் நியாயமில்லை. இறுகிய போல்ட்டுக்கென்றே உள்ளே ஊடுருவும் வகை தனியாக வருகிறது. அதே நிறுவனமே தனியாக விற்கிறது. டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவராவது படித்துப் பார்க்கிறாரா?

அசிட்டோனையும் சிவப்பு நிறப் பவர் ஸ்டியரிங் ஆயிலையும் பாதிக்குப் பாதி கலந்து விடுகிறவர்கள் இருக்கிறார்கள். நன்றாகவே இறங்கும். ஆனால் இரண்டும் ஒட்டாமல் பிரிந்து நிற்கும், ஒவ்வொரு தடவையும் குலுக்கி விட வேண்டும். பெயின்ட்டையும் ரப்பரையும் அசிட்டோன் கெடுக்கும். எல்லாவற்றையும்விட, அது சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்படியில் வைத்துக் கலக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதே பதறுகிறது.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். ஆயுசு முழுக்கப் படகு என்ஜின் பார்த்தவர். எல்லோருக்கும் அவர் மாமா. அவர் ஒரு இறுகிய நட்டைக் கழற்றுவதைச் சின்ன வயதில் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதலில் கம்பி பிரஷ்ஷால் மரை வெளியே தெரிகிற இடத்தைத் தேய்ப்பார். மேலே மூடியிருக்கிற துருவையும் பழைய பெயின்ட்டையும் எடுக்காமல் எண்ணெய் விட்டால் அது எந்த வழியாக உள்ளே போகும்? பிறகு துணித்திரியை நனைத்து நட்டைச் சுற்றிக் கட்டிவிடுவார், எண்ணெய் வழிந்து ஓடாமல் நின்று இறங்குவதற்காக. சின்னச் சுத்தியலால் போல்ட்டின் தலையில் டொக் டொக்கென்று தட்டுவார். அடி இல்லை, தட்டுதான். அந்த அதிர்வில் துருவுக்குள் மயிரிழை விரிசல் விழும், எண்ணெய்க்கு வழி கிடைக்கும். ‘போடா, போய் நாளைக்கு வா’ என்பார். எனக்குச் சொல்கிறாரா நட்டுக்குச் சொல்கிறாரா என்று அப்போது தெரியாது.

மறுநாள் இன்னொரு தடவை எண்ணெய், இன்னொரு தடவை தட்டல். அதன் பிறகுதான் ஸ்பானர். அதுவும் ரிங் ஸ்பானர்தான். வாய் திறந்த ஸ்பானர் இரண்டு பக்கத்தை மட்டும் பிடித்து மண்டையை உருட்டிவிடும். முதல் அசைவைக் கழற்றுகிற பக்கம் கொடுக்க மாட்டார், இறுக்குகிற பக்கம் லேசாகக் கொடுப்பார். பிடிப்பு விட்டதும் ‘டிக்’கென்று ஒரு சத்தம் வரும். முறிகிற சத்தம் வேறு, விடுகிற சத்தம் வேறு. அதைக் கேட்டதும் அவர் முகம் மாறும். பிறகு கால் சுற்று முன்னே, அரைக்கால் சுற்று பின்னே, நடுவில் இரண்டு சொட்டு எண்ணெய். மரையிலிருந்து செம்மண் குழம்பு மாதிரி வெளியே வரும். அப்படியே நட்டு முழுசாக, போல்ட்டு முழுசாக உள்ளங்கையில் வந்து உட்காரும்.

எண்ணெய்க்கும் மசியாததற்குச் சூடு காட்டுவார். சூடு நட்டுக்கு, போல்ட்டுக்கு இல்லை. 12 மில்லிமீட்டர் துளையுள்ள நட்டு 300 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் துளை மில்லிமீட்டரில் நூற்றில் நாலு பங்கு விரியும். கேட்க அற்பமாக இருக்கும். துருவின் பிடியை உடைக்க அது போதும். சூடு லேசாகத் தணிகிற நேரத்தில் மெழுகுவத்தியை மரையில் வைத்தால் மெழுகு உருகி உள்ளே இழுத்துக்கொள்ளும். எண்ணெய் விட்ட இடத்தைத் துடைத்துக் காய வைக்காமல் நெருப்பைக் கிட்டே கொண்டுபோக மாட்டார். ரப்பர் சீல், பேரிங், பெட்ரோல் டேங்க் இருக்கிற பக்கம் நெருப்பே கிடையாது.

இதில் எதுவும் ரகசியமில்லை. எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும். அன்று வந்த தம்பிக்கும் தெரியும். தெரிந்தேதான் செய்யவில்லை. அவர்மேல் மட்டும் பழி போடவும் எனக்கு மனம் வரவில்லை. வேலைக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிறோம். எண்ணெய் விட்டுவிட்டு நாளைக்கு வருகிறேன் என்று எழுந்து போகிற மெக்கானிக்கை ‘இழுத்தடிக்கிறான்’ என்கிறோம். இரண்டாம் தடவை வந்து போகிற பெட்ரோலுக்குக் காசு கேட்டால் முகம் சுளிக்கிறோம். உடைத்தாலும் உடனே முடிப்பவரைத்தான் ‘கெட்டிக்காரன்’ என்று அடுத்த வீட்டுக்குச் சொல்லி அனுப்புகிறோம். பொறுமைக்குக் கூலி கொடுக்காத ஊரில் பொறுமை எங்கிருந்து வரும்?

எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்றுகூடப் பார்க்காமல் பலத்தைப் போடுகிறவர்களை என்ன சொல்வது? சைக்கிளின் இடது பெடல் இடது மரை. மற்றதைக் கழற்றுகிற மாதிரி அதைத் திருப்பினால் இன்னும் இறுகத்தான் செய்யும். அரை மணி நேரம் இறுக்கோ இறுக்கென்று இறுக்கிவிட்டு ‘துரு புடிச்சுருச்சு’ என்று பெடல் தண்டையே அறுத்து எறிந்த கடையை நான் கண்ணால் பார்த்தேன்.

இன்னும் ஒரு படி மேலே போய்ப் பார்த்தால் குற்றம் கழற்றியவரிடம் தொடங்கவில்லை, மாட்டியவரிடம் தொடங்குகிறது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்த நான்கு போல்ட்டுகளை மாட்டியவர் மரையில் ஒரு விரல்நுனிக் கிரீஸ் தடவியிருந்தால் இத்தனை கதை இல்லை. கிரீஸ் இருக்கிற சந்தில் தண்ணீரும் உப்புக்காற்றும் நுழைய இடம் இருக்காது. இதற்கென்றே செம்புப்பொடியோ நிக்கல்பொடியோ கலந்த பசைகள் இருக்கின்றன. சைலன்சர் மாதிரிச் சூடேறுகிற இடத்துக்கு அவைதான் சரி. அவற்றைத் தடவினால் வழுக்கல் கூடும், அதனால் இறுக்குவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். அலுமினியத்துக்குள் எஃகு போல்ட்டு போடுகிற இடத்தில் கிரீஸைத் தவறவே விடக் கூடாது. உப்பு ஈரத்தில் அந்த இரண்டு உலோகமும் சேர்ந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடி பூத்துக் கல்லாகிவிடும். பிறகு எந்த எண்ணெயும் லேசில் இறங்காது. ஸ்டெயின்லெஸ் போட்டால் கவலையில்லை என்று நினைப்பவர்களும் ஏமாறுகிறார்கள். ஸ்டெயின்லெஸ் நட்டை ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் காய்ந்த மரையோடு வேகமாக ஓட்டினால் ஒன்றோடொன்று கடித்துக்கொண்டு, துருவே இல்லாமல் இறுகிவிடும்.

ஒரு போல்ட்டை மாட்டுகிற கைக்கு, அதை என்றோ ஒரு நாள் வேறொரு கை கழற்ற வேண்டியிருக்கும் என்ற நினைப்பு இருக்க வேண்டும். அந்த நினைப்பு அற்றுப்போய்விட்டது. கேட் செய்கிறவர் கீலின் நட்டுக்கு மேலேயே பெயின்ட் அடித்து மூடுகிறார். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் இணைப்பில் சாதா இரும்பு நட்டைப் போட்டுவிட்டுப் போகிறார் பிளம்பர். ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்கிற அப்புறம், யாரோ ஒருவர் தலையில் போய் விடிகிறது.

எங்கள் தெருமுனையில் ஒரு அடிபம்பு இருக்கிறது. இந்தியா மார்க் 2 வகை. 1970களில் உருவாகி, நம் கோயம்புத்தூர்ப் பக்கம் சோதித்துப் பார்த்து, சென்னையில் தயாராகி நாடு முழுக்கப் போன பம்பு. கிராமத்து ஜனங்கள் நாள் முழுக்க அடித்தாலும் தாங்க வேண்டும் என்று யோசித்து யோசித்துச் செய்தது. அதன் தலைக்குள் ஒரு சங்கிலி உண்டு. அதற்கு அவ்வப்போது கிரீஸ் தடவ வேண்டும், கைப்பிடி போல்ட்டுகளை இறுக்க வேண்டும். அவ்வளவுதான் அது நம்மிடம் கேட்பது. அந்தப் பம்பு மூன்று வருஷமாக நின்று கிடந்தது. ‘ஏன்?’ என்று கேட்டபோது தண்ணீர் திறந்துவிடுகிற அண்ணன் சொன்னார்: “முன்மூடி போல்ட்டு கழலலப்பா. ரெண்டு பேரு வந்து பார்த்துட்டு, வெட்டித்தான் எடுக்கணும்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.”

அவரிடம் கேட்டுக்கொண்டு நான் ஒரு வேலை செய்தேன். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மாமா செய்த மாதிரி துணித்திரி கட்டி, டீக்கிளாஸில் பாதி மண்ணெண்ணெயோடு கொஞ்சம் ஆயில் கலந்து, தினமும் காலையில் பால் வாங்கப் போகும்போதும் சாயங்காலம் திரும்பும்போதும் நாலு சொட்டு விட்டேன். சின்னச் சுத்தியலால் நாலு தட்டு. நாலு நாள். ஐந்தாம் நாள் காலையில் ரிங் ஸ்பானரை மாட்டி இறுக்குகிற பக்கம் லேசாக அழுத்தினேன். ‘டிக்’கென்றது. பைப்பு இல்லை, உளி இல்லை, வெல்டிங் இல்லை. முழுப் போல்ட்டும் கையில் வந்தது. மரை ஒன்றுகூடப் போகவில்லை.

மூடியைத் திறந்து பார்த்தோம். சங்கிலி கிரீஸைக் கண்டு எத்தனை காலமோ, காய்ந்து துருவேறி விறைத்துக் கிடந்தது. சங்கிலிக்குக் கிரீஸ் போடுவதற்காக இருக்கிற மூடி அது. அந்த மூடியின் போல்ட்டுக்குக் கிரீஸ் போடாததால் மூடி திறக்கவில்லை. மூடி திறக்காததால் சங்கிலிக்குக் கிரீஸ் இல்லை. மூன்று வருஷம் இந்தத் தெருப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தார்கள். அந்த அண்ணன் ஒன்றும் பேசாமல் சங்கிலியைக் கையில் பிடித்து மடக்கிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அரை டீக்கிளாஸ் எண்ணெய், நாலு நாள். இதற்குக்கூடவா நமக்கு நேரமில்லாமல் போய்விட்டது?